நியோ கேள்வி–பதில்: கைக்கு முன்னால் மூச்சு

போன இதழில் 'நியோ' என்ற ஜப்பான் கேமைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பத்து வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: டீம் நிஞ்சா என்ற ஜப்பான் நிறுவனம் செய்து, 2017 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4க்கு வெளிவந்த கேம் இது. காலம் 1600, ஜப்பானில் பிரபுக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிற நேரம். பிணம் விழுந்த இடமெல்லாம் 'யோகாய்' என்கிற பேய்கள் எழும்பி நிற்க, நடுவில் வாளோடு வில்லியம் என்ற ஒரு வெள்ளைக்காரன். அவன்தான் நீங்கள். முதல் ஒரு மணித்தியாலத்தைச் சாகாமல் கடந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேள்வி: அண்ணா, முதல் தீவிலேயே நிற்கிறேன். இரண்டு இரும்புக் குண்டுகளைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றுகிற அந்த அரக்கனிடம் முப்பது தடவைக்கு மேல் செத்துவிட்டேன். பட்டனை இன்னும் வேகமாக அடிக்க வேண்டுமா? – ஏ.எல் மாணவன், உப்புவெளி

வேண்டாம் தம்பி, வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முழுக்க அவனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டுகிற கோட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்களுடைய 'கீ' கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கேதான் பிழை இருக்கிறது. கீ என்றால் ஜப்பான் மொழியில் காற்று, மூச்சு, உயிர்ச்சக்தி எல்லாம் வரும். நீங்கள் வெட்டினாலும் தடுத்தாலும் உருண்டாலும் அது குறையும். அது முடிந்த நேரத்தில் ஒரு அடி விழுந்தால் உங்கள் ஆள் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நிற்பான், அடுத்த அடியோடு கதை முடியும்.

இந்தக் கேமின் உயிர் ஒரே ஒரு பட்டனில் இருக்கிறது. வெட்டி முடிந்த அந்தக் கணத்தில் திரையைக் கவனியுங்கள். உங்கள் ஆளைச் சுற்றி நீல வெளிச்சப் பொட்டுகள் வெளியிலிருந்து உடம்பை நோக்கி வந்து சேரும். அவை சேருகிற நேரம் பார்த்து ஆர் 1 பட்டனைத் தட்டினால் செலவழித்த மூச்சில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். முந்தித் தட்டினால் கொஞ்சம்தான் வரும், பிந்தினால் ஒன்றும் வராது. இதுதான் கீ பல்ஸ். இன்னொரு வேலையும் இதற்கு உண்டு: யோகாய்கள் தரையில் ஒரு சாம்பல் வட்டத்தை உண்டாக்கும், அதற்குள் நின்றால் உங்கள் மூச்சு ஊறுவது மந்தமாகிவிடும், சரியான நேரத்தில் பல்ஸ் அடித்தால் அந்த வட்டம் கலைந்து போகும்.

உப்புவெளிக் கடற்கரையில் விடியக் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரிசையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, காலை மணலில் ஊன்றி ஒரு நொடி பிடித்து நின்று, பிறகுதான் அடுத்த இழுப்பு. அந்தப் பிடிப்பு இல்லாமல் தொடர்ந்து இழுக்கிற புதுப் பெடியன் பத்து நிமிடத்தில் மணலில் உட்கார்ந்துவிடுவான், வலையோ கடலோடு போகப் பார்க்கும். உங்கள் கைக்கும் அந்தத் தாளம்தான் வர வேண்டும்: இரண்டு வெட்டு, ஒரு பல்ஸ், ஒரு அடி பின்னால். மூன்றாவது வெட்டுக்கு ஆசை வரும். உங்கள் முப்பது சாவில் குறைந்தது இருபத்தைந்து அந்த மூன்றாவது வெட்டால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த அரக்கனின் பெயர் ஒன்ரியோகி. தூரத்தில் நின்றால் குண்டு உங்களைத் தேடி வரும், அதனால் அவன் காலடிக்குப் பக்கத்தில், முதுகுப் பக்கமாகவே சுற்றுங்கள். குண்டைத் தூக்கி நிலத்தில் குத்துகிறபோது அவன் திரும்ப எழும்பக் கொஞ்ச நேரமாகும், அதுதான் உங்கள் நேரம். அவனுக்கும் கீ கோடு உண்டு, அது காலியானால் அவனும் தள்ளாடி விழுவான். சங்கிலி அறுந்த பிறகு ஆள் இன்னும் மூர்க்கமாகி, குண்டைத் தூக்கியே எறிவான். அப்போது பதறி ஓடாதீர்கள்.

அவனை முடித்ததும் அடுத்த பயணத்தின் கடைசியில் ஹினோ-என்மா என்ற இரத்தம் குடிக்கிற பெண் பேய் காத்திருக்கும். அவள் கண்பட்டால் உடம்பு விறைத்துவிடும். நான் அவளிடம் மூன்று பின்னேரம் தோற்றேன். நாலாம் நாள் ஒரு முடிவெடுத்தேன்: இந்த முறை ஒரு வெட்டுக்கூட வெட்டுவதில்லை, சாகும்வரை தடுப்பதும் விலகுவதும் மட்டும். அப்படியே செய்தேன், செத்தேன். ஆனால் அந்த ஒரு சாவில், குடையைச் சுழற்றும் முன் அவள் தோள் எப்படித் திரும்புகிறது, விறைக்க வைக்கும் முன் எவ்வளவு உயரம் பறக்கிறாள் என்பதெல்லாம் கண்ணில் நின்றுவிட்டது. அன்றிரவே முடித்தேன். ஒரு தடவை வெறுமனே பார்ப்பதற்காகச் செத்துப் பாருங்கள்.

கேள்வி: நானா, வாள் பிடிக்க மேல், நடு, கீழ் என்று மூன்று நிலை இருக்கிறதே, எதில் நிற்பது நல்லது? நான் எப்போதும் நடுவிலேயே நிற்கிறேன். – கிண்ணியா வாசகர்

மூன்றிலும் நில்லுங்கள். உங்கள் ஊர்ப்பக்கத்தில் சீனடி பழகியவர் யாராவது இருந்தால் கேளுங்கள், ஒரே நிலையில் நின்று கம்பு சுற்றுகிறவனை எவ்வளவு சுலபமாகத் தட்டி விழுத்தலாம் என்று காட்டுவார். மேல்நிலை பலமான வெட்டு, மூச்சை நிறையத் தின்னும், பெரிய உடம்புக்காரர் தள்ளாடும்போது அதை எடுங்கள். கீழ்நிலை வேகமாக விலக, ஈட்டிக்காரரிடமும் பறக்கிறவர்களிடமும் உதவும். நடுநிலை தடுப்புக்கு. மாற்றுவது ஆர் 1 ஐப் பிடித்துக்கொண்டு முக்கோணம், சதுரம், பெருக்கல். பல்ஸ் அடிக்கிற பட்டனும் ஆர் 1 தானே? அதனால் பல்ஸ் அடிக்கிற அதே அசைவில் நிலையையும் மாற்றலாம், அந்தத் திறனைப் படித்துவிட்டால் அதற்குக் கூடுதலாக மூச்சும் கிடைக்கும். பெயர் ஃப்ளக்ஸ். திறன் புள்ளி கிடைத்ததும் முதலில் அதை வாங்குங்கள்.

இன்னொன்று. கனமான கவசம் அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அலையாதீர்கள், மாட்டியிருக்கிற பாரம் உங்கள் ஆள் தாங்கக்கூடியதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் உருளுவதற்கே மூச்சுப் போய்விடும்.

கேள்வி: மகனுக்கு 17 வயது. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் விளையாடுகிறான். எட்டிப் பார்த்தால் கொம்பு வைத்த பேய், இரத்தம். செத்துச் செத்து எழும்புகிறான், கோபத்தில் கத்துகிறான். பரீட்சை வேறு வருகிறது. பறித்து வைத்துவிடலாமா? – ஒரு தாய், ஆசிரியை, பாலையூற்று

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவின் வயதுத் தரப்படி இது 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. இதைவிட இளைய பிள்ளை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் மகன் எல்லையில் நிற்கிறார். பறித்து வைத்தால் நண்பன் வீட்டில் விளையாடுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

நான் சொல்வது, ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் குறை சொல்லாமல் பாருங்கள். அவர் செத்ததும், "இப்ப எதால செத்தனீ?" என்று மட்டும் கேளுங்கள். "தெரியாது, சும்மா கொன்றுவிட்டான்" என்று சொன்னால் அவர் களைத்துப் போயிருக்கிறார், அன்றைக்கு நிறுத்தச் சொல்லலாம். "மூச்சு முடிஞ்சிட்டுது அம்மா, ஒரு வெட்டுக் கூடிப் போச்சு" என்று சொன்னால் அவர் யோசித்து விளையாடுகிறார். கத்தல் வருவது பெரும்பாலும் முதல் வகைப் பிள்ளைக்கு, அதுவும் இரவு பதினொரு மணிக்குப் பிறகு.

நேரக் கட்டுப்பாட்டை மணிக்கூட்டு முள்ளோடு மட்டும் கட்டாதீர்கள். சண்டையின் நடுவில் "நிப்பாட்டு" என்றால் வீட்டில்தான் சண்டை வரும். கேமில் ஆங்காங்கே சின்னக் கோயில்கள் உண்டு, வில்லியம் அதன் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுவான், உயிர் நிரம்பும், அது வரைக்கும் வந்த வழி அவனுக்குச் சொந்தம். "ஒன்பதரைக்குப் பிறகு வருகிற முதல் கோயிலில் நிறுத்து" என்று பேசிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் முழுவதும் வேண்டாம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: நியோ என்றால் என்ன அர்த்தம்? – கோணேசர் கோயிலடி வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! நம் கோயில் வாசலில் இரண்டு பக்கமும் துவாரபாலகர் நிற்கிறார்கள் அல்லவா, விழி பிதுங்க, கோரைப்பல் தெரிய, ஒரு கை விரலை நீட்டி எச்சரித்துக்கொண்டு. ஜப்பானில் பௌத்தக் கோயில் வாசலில் அதேபோல் இரண்டு பேர் நிற்பார்கள், உடம்பெல்லாம் முறுக்கேறிய தசை, காற்றில் பறக்கும் துணி. அவர்கள்தான் நியோ. எழுத்தின்படி பொருள் 'கருணை அரசர்கள்'. முகத்தைப் பார்த்தால் கருணை தெரியாது, ஆனால் உள்ளே இருப்பதைக் காப்பதுதான் அவர்கள் வேலை.

நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில் நிற்கிற இரண்டு மரச் சிலைகள் உலகப் புகழ் பெற்றவை. 1203இல் உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் பட்டறையும் செய்தவை, ஒவ்வொன்றும் எட்டு மீற்றருக்கு மேல் உயரம். அவற்றில் ஒருவர் வாயைத் திறந்திருப்பார், மற்றவர் வாயை இறுக மூடியிருப்பார். திறந்த வாய் 'அ' என்கிறது, மூடிய வாய் 'உன்' என்கிறது. முதல் ஒலியும் கடைசி ஒலியும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நம்முடைய ஓம் காதில் விழும். இன்னும் கேளுங்கள்: வாய் மூடியவரின் பெயர் நாராயென். நாராயணன்தான் சீனா வழியாக நடந்து போய் அந்த வாசலில் நிற்கிறார். சரஸ்வதி அங்கே பென்சாய்தென், யமன் என்மா. கேமில் ஆள் பலம் பெறச் சேர்க்கிற ஒளிக்கல்லின் பெயர் அம்ரிதா, அதாவது அமிர்தம். முதன்முதலில் திரையில் அந்தச் சொல்லைக் கண்டபோது, தூர ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் எனக்கு இருந்தது.

ஒரு சின்னச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். கேமில் சில இடங்களில் வெந்நீர் ஊற்று இருக்கும், அதில் இறங்கினால் உயிர் மெல்ல மெல்ல ஊறும். கன்னியாவில் ஏழு கிணறும் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிற உடம்புக்கு அது சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: வில்லியம் உண்மையான ஆளா? – வரலாறு படிக்கும் மாணவி, சாம்பல்தீவு

ஓம். வில்லியம் ஆடம்ஸ். 1564இல் இங்கிலாந்தின் ஜில்லிங்ஹாமில் பிறந்தவர், கப்பலுக்கு வழி சொல்கிற மாலுமி. 1598இல் ரொட்டர்டாமிலிருந்து ஐந்து ஒல்லாந்துக் கப்பல்கள் புறப்பட்டன, அவற்றில் ஆடம்ஸ் வந்த லீஃப்தே என்ற ஒன்றுதான் 1600 ஏப்ரலில் ஜப்பானின் கியூஷூ கரையைத் தொட்டது. நூற்றுக்கு மேல் ஆட்களோடு கிளம்பிய கப்பலில் உயிரோடு இருந்தவர்கள் 24 பேர்வரை, அவர்களிலும் சிலர்தான் எழும்பி நிற்கக்கூடியவர்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் செகிகஹாரா போரில் வென்ற தோகுகாவா இயேயாசு ஆடம்ஸைத் தன்னோடு வைத்துக்கொண்டார், கணிதம் கேட்டார், மேற்கத்திய முறையில் கப்பல் கட்டச் சொன்னார், மியூரா தீபகற்பத்தில் நிலம் கொடுத்தார். அங்கே ஆடம்ஸின் பெயர் 'மியூரா அஞ்ஜின்', அதாவது மியூராவின் மாலுமி. 1620இல் ஹிராடோவில் இறந்தார், இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை. பேய் வெட்டியது கேமுக்காகச் சேர்த்தது. உண்மை மனிதர் வாளால் பேர் எடுக்கவில்லை, கடல் தெரிந்ததால் எடுத்தார்.

உங்கள் கட்டுரைக்கு உதவும் ஒரு நூல் முனை தருகிறேன். அந்த ஒல்லாந்து வியாபாரிகள் 1602இல் ஒரே கொம்பனியாகச் சேர்ந்தார்கள். அதே கொம்பனி 1609இல் ஹிராடோவில் பண்டகசாலை திறந்தது, 1639இல் நம்முடைய திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. மான் மேய்கிற அந்தக் கோட்டை வாசலில் அடுத்த தடவை நிற்கும்போது ஹிராடோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கடல் வழியின் துறைகள்.

கேள்வி: கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடுமா? – நிலாவெளி

கேம் தானாகச் சேமித்துக்கொண்டே போகும். சேமிக்கிற அடையாளம் திரையில் தெரிகிற நேரத்தில் கரண்ட் அறுந்தால்தான் ஆபத்து, பதிவு பழுதாகலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நிறுத்திவிடுவோம். முடிந்தால் ஒரு யூ.பி.எஸ். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் உப்புக்காற்றுக்கு பிளேஸ்டேஷனை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள்.

கேள்வி: 1942இல் ஜப்பான் விமானம் குண்டு போட்டபோது காட்டுக்குள் ஓடியதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது என் பேரன் ஜப்பான் வாளைப் பிடித்து விளையாடுகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. – ஓய்வுபெற்றவர், சீனக்குடா

ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைசிவரை தள்ளி வைத்து, பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றைக்கே பிரித்தானியரின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. எரிந்து உருகிய எண்ணெய்த் தாங்கி உங்கள் ஊரில் இன்னும் நிற்கிறது. நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைகளும் இருக்கின்றன. உங்கள் அப்பா சொன்னதைப் பேரன் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆனால் அவர் விளையாடுவது அந்த ஜப்பான் படையை அல்ல. அதற்கு 342 ஆண்டுக்கு முந்திய காலத்தை. அதில் வருகிற யோகாய்கள் பெரும்பாலும் எப்படி உண்டானவை தெரியுமா? பிரபுக்களின் போரில் அநியாயமாகச் செத்தவர்களின் ஆறாத கோபம்தான் அங்கே பேயாக எழும்புகிறது. எரிந்த கிராமங்களுக்குள்ளேதான் நீங்கள் நடக்க வேண்டும். கதையின் தொடக்கமே, ஸ்பெயினோடு நடக்கிற சண்டைக்காக இங்கிலாந்து அமிர்தக் கல்லைத் தேடி ஆளை அனுப்புவதுதான். வேறு யாருடைய போருக்கோ நம் மண்ணில் அள்ள வருகிறவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். சீனக்குடாத் தாங்கிகளே வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டியவை. பேரனை ஒருநாள் அந்த எரிந்த தாங்கிப் பக்கம் கூட்டிப்போய், எந்தத் திசையிலிருந்து விமானம் வந்தது என்று அப்பா சொன்னாரோ அப்படியே சொல்லுங்கள். கேமைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேச வேண்டாம்.

கேள்வி: ஒன்றிலிருந்து தொடங்கவா, இரண்டிலிருந்தா? – அன்புவழிபுரம்

ஒன்றிலிருந்து. 2020இல் வந்த நியோ 2 இன் கதை 1555இல் தொடங்குகிறது, முந்திய காலம்தான். அதில் பாதி மனிதன் பாதி யோகாயாக நீங்களே உருவாக்குகிற ஆள், ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கலாம். பகைவன் சிவப்பாக மின்னுகிறபோது எதிரடி கொடுக்கிற வித்தையும் உண்டு. சண்டை இன்னும் செழுமை, ஆனால் ஒரே நேரத்தில் கற்க வேண்டியது மிக அதிகம். மூச்சுத் தாளம் கையில் படிந்த பிறகு போனால் இனிக்கும். முதல் கேமில் உங்களோடு கூட வந்து பலம் தருகிற காவல் ஆவியாக மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நான் கடல் பிராணியான இசோனாதேயை எடுத்தேன். திருகோணமலைக்காரருக்கு வேறெதை எடுக்க மனம் வரும்?

கேள்வி: சேர்த்து வைத்த அமிர்தம் எல்லாம் ஒரு பாலத்துக்கு அப்பால் செத்த இடத்தில் கிடக்கிறது. திரும்பப் போக முடியவில்லை. அழுகையாக வருகிறது. – மூதூர்

தங்கச்சி, முதலில் ஓடாதீர்கள். அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால்தான் அமிர்தம் போகும், கோயிலடியில் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. நீங்கள் செத்த இடத்தில் அமிர்தத்தோடு காவல் ஆவியும் நிற்கும். அதைக் கோயிலிலிருந்து கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் ஆவி வரும், அமிர்தம் வராது. பொருட்களின் பட்டியலைத் திறந்து கடைசிவரை இறங்கிப் பாருங்கள். ஆவியை அழைக்கிற மெழுகுதிரி ஒன்று பெரும்பாலும் எங்காவது கிடக்கும், நாம் அதன் பயன் தெரியாமல் அப்படியே விட்டிருப்போம். அதைக் கொளுத்தினால் காவல் ஆவி அமிர்தத்தையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து சேரும். கிடைத்ததா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.